பாயம்மா பைண்டு பண்ணின கதை

எழுபதுகளின் கடைசியில் நான் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். ஊரில் போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் போன்ற ஏழெட்டுப் பெண்களின் காது வழியாகத்தான் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும். யாராவது கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் போர்டில் ஒரு சின்ன மூடி டப்பென்று விழும். "நம்பர் ப்ளீஸ்" என்போம். சொன்ன நம்பரில் வயரைச் சொருகுவோம். வேலை அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் ஒரு தொடர்கதை எழுதினேன். அதற்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் என் சிறுகதைகள் இரண்டு புனைபெயரில் வந்திருந்தன. தொடர் எழுத முடியுமா என்று ஆசிரியர் கார்டு போட்டார். முடியும் என்று பதில் கார்டைத் தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் கையில் கதை எதுவும் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

எப்படியோ ஒரு கதை கிடைத்தது. ஒரு சின்ன ஊரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் பெண். கல்யாணமான ஆறாம் மாதம் புருஷன் வடக்கே வேலைக்குப் போகிறான். ஏழு வருஷம் ஒரு கடுதாசி இல்லை. அவள் சைக்கிளுக்கு அடிக்கடி பஞ்சர் ஒட்டித்தரும் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் அவளை மனதுக்குள்ளேயே விரும்புகிறார், வாய் திறந்து சொல்வதில்லை. கடைசியில் ஒரு நாள் காலையில் புருஷன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கிறாள். சைக்கிள் கடைக்காரர் அவள் வண்டிக்குப் புது பெல் மாட்டி, சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறார். முற்றும்.

முப்பத்திரண்டு வாரம் வந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கடைசி அத்தியாயத்தை எழுதும்போது நானே அழுதேன். இவ்வளவு நல்லவர்களை ஒரே கதையில் கொண்டுவந்துவிட்டோமே என்று ஒரு கர்வமும் இருந்தது.

புனைபெயரெல்லாம் ஏழாவது வாரம் வரைதான் தாங்கியது. பத்திரிகைக்காரர்கள் வாசகர் கடிதங்களை மொத்தமாகக் கட்டி எக்ஸ்சேஞ்ச் விலாசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தபால்காரர் அந்தக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, "நீங்கதானா அது!" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பீட்டில் எத்தனை தெரு இருந்ததோ அத்தனை தெருவுக்கும் சாயந்திரத்துக்குள் விஷயம் போய்விட்டது.

அதன் பிறகு மூடி விழும். "நம்பர் ப்ளீஸ்" என்பேன்.

"நம்பர் இருக்கட்டும்மா. அந்தப் புருஷன் திரும்பி வருவானா, மாட்டானா? அத மட்டும் சொல்லிடுங்க."

எனக்கே தெரியாது என்றால் யாரும் நம்பவில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை எச்சரித்தார். மூன்றாவது தடவை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "எங்க வீட்லயும் கேக்கறாங்க" என்றார்.

இந்தக் குரல்களிலெல்லாம் தவறாமல் வந்தது பாயம்மாவின் குரல். தேரடி வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பாயின் மனைவி. கடைக்குப் பின்னால் வீடு. போன் கடையில் இருந்தது. வியாழக்கிழமை பத்திரிகை வரும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனதும், இந்தம்மா கடைக்கு வந்து கைப்பிடியைச் சுற்றுவார்.

"இந்த வாரம் கொஞ்சம் கம்மியா எழுதிட்டீங்களே அக்கா. நான் தேத்தண்ணி ஊத்தி வச்சிட்டுப் படிக்க உக்காந்தேன், ஆறறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

கதை முடிந்த வாரமும் கூப்பிட்டார். அழுதிருக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. "எல்லாத்தையும் பக்கம் பக்கமா கிழிச்சி பைண்டு பண்ணி வச்சிட்டேன் அக்கா. பச்சை காலிகோ துணி போட்டு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வாரம் ஐம்பது பேருக்கு மேல் கதையைப் பற்றி என்னோடு பேசிக்கொண்டிருந்தாலும் ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. பாயம்மா முகத்தையும்தான்.

முகம் தெரிந்த ஒருவர் மட்டும் மாட்டிக்கொண்டார். பெரிய தெருவில் நான் வழக்கமாகப் பஞ்சர் ஒட்டும் சைக்கிள் கடைக்காரர். அவருக்கும் என் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் சீட்டைச் சட்டை முனையால் ஒரு துடை துடைப்பார். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது போதுமானதாக இருந்திருக்கிறது. ஒரு நாள் வீல் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, டைப் கிளாஸ் பொண்ணுங்கல்லாம் பஞ்சராவாத வண்டிய தள்ளிக்கினு வர்றாங்க. என் மூஞ்சிய பாக்கறாங்க, 'ஐயோ பாவம்'ங்கறாங்க, போயிடறாங்க. எனக்கு எதனா சீக்கா? ஊருக்குத் தெரிஞ்சி எனக்குத் தெரியலையா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கதை படிப்பவர் இல்லை. கல்யாணமாகி நாலு பிள்ளைகள் வேறு. "நல்லவனாத்தானே எழுதியிருக்கீங்க?" என்றார். ரொம்ப நல்லவர் என்றேன். "அப்ப சரி" என்று டியூபைத் தண்ணீரில் அமுக்கினார்.

ஏழு வருஷம் போனது. மெட்ராஸிலிருந்து ஒரு பதிப்பகத்தார் எழுதினார்கள். தொடரைப் புத்தகமாகப் போட விருப்பம், முழுப் பிரதியை அனுப்பவும். அப்போதுதான் தேடிப் பார்த்தேன். முப்பத்திரண்டு இதழில் என்னிடம் பதினொன்றுதான் இருந்தது. மிச்சமெல்லாம் கூட வேலை பார்த்தவர்கள் இரவல் வாங்கிப் போனது. பத்திரிகை ஆபீசில் பழைய இதழ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இருந்த பதினொன்றில் கடைசி அத்தியாயம் இருந்தது. படித்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் எக்ஸ்சேஞ்சின் முன்பக்கத்தில் வெளியார் பேசுவதற்கு ஒரு போன் உண்டு. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்து பம்பாய்க்கு டிரங்க் கால் புக் பண்ணுவாள். அவள் புருஷன் வேலை பார்த்த குடோன் நம்பர் அது. லைன் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆகும். கிடைத்தால், ஆள் வெளியே போயிருக்கிறார் என்று யாரோ இந்தியில் சொல்வார்கள். இரண்டு வருஷம் இப்படியே வந்தாள். ஒரு சனிக்கிழமை அவனே எடுத்துவிட்டான். "யாரு?" என்றான் தமிழில். அவள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள்.

என்னிடம் வந்து, "இனிமே வரமாட்டேன்க்கா. கொரலு நல்லாத்தான் இருக்குது. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல போல. அது தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவளைப் பார்த்த பிறகு என் கதாநாயகியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு வருஷக் கோபத்தை ஒரே பத்தியில் விழுங்கிவிட்டுக் கதவைத் திறக்கிறாள். முடிவை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரிடம் சொன்னேன்.

"தப்புன்னு தெரிஞ்சா அடிச்சிட்டுத் திருத்த வேண்டியதுதானே. இதுல யோசிக்க என்னா இருக்குது?" என்றார்.

அடித்துத் திருத்த முதலில் கதை கையில் இருக்க வேண்டும். பச்சை காலிகோ ஞாபகத்துக்கு வந்தது. பாயம்மாவிடம் போனில் கேட்டேன். "புத்தகமா வருதா! அல்லாவே! நீங்களே வீட்டுக்கு வாங்க அக்கா" என்றார்.

காலை ஷிப்ட் முடிந்து போனேன். கதவைத் திறந்த பாயம்மா என்னைப் பார்த்து ஏமாந்தே போனார்.

"நீங்க இவ்ளோ குள்ளமா? போன்ல ஒசரமா இருப்பீங்களே!"

நானும் அவரை ஒல்லியாக, வயதானவராக நினைத்திருந்தேன். அவர் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். நல்ல கனம். சேமியா பாயசம் கொடுத்தார். பிறகு பீரோவிலிருந்து துணியில் சுற்றிய புத்தகத்தை எடுத்து வந்து இரண்டு கையாலும் என் மடியில் வைத்தார். மூலைகளுக்குத் தோல் போட்டு, முதுகில் பொன்னெழுத்தில் கதையின் பெயர் பதித்து, என் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைவிட நன்றாக இருந்தது.

நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டு எடுத்து வந்திருக்கலாம். சந்தோஷத்தில் உளறிவிட்டேன். "கடைசி அத்தியாயத்த மட்டும் கொஞ்சம் மாத்தப்போறேன் பாயம்மா. அவ கதவத் தொறக்க மாட்டா."

பாயம்மா குனிந்து, என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

"அப்ப தரமாட்டேன்."

"பாயம்மா, நான் எழுதின கதை இது."

"எழுதினது நீங்கதான். யாரு இல்லேன்னா? எழுதிட்டு நீங்க இரவல் குடுத்துட்டீங்க. ஏழு வருஷமா வச்சிக் காப்பாத்தினது நான். வருஷத்துக்கு ஒரு தரம் நோன்பு மாசம் முடிஞ்சதும் படிக்கறேன். இப்ப வந்து அவ தொறக்கலேன்னா, இத்தனை வருஷம் நான் படிச்சது யாரை?"

பாயசத்தைக் குடித்தேன். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. புத்தகம் வீட்டை விட்டு வெளியே போகாது. நான் தினமும் மத்தியானம் வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, பார்த்து எழுதிக்கொள்ளலாம். கடைசி அத்தியாயம் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

மூன்று வாரம் போனேன். என் கதையை நானே காப்பி அடித்தேன். பாயம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு, நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று எட்டிப் பார்த்து, "இப்ப அந்த மாமியா வருவா பாருங்க" என்று எனக்கே முன்னறிவிப்பு கொடுப்பார். ஒரு வார்த்தையை மாற்றினாலும் பேனா நின்ற நேரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாம் வாரத்தில் பதினெட்டாம் அத்தியாயம் முடிந்து பக்கத்தைத் திருப்பினேன். இருபது வந்தது. முன்னும் பின்னும் புரட்டினேன். பத்தொன்பது இல்லை.

"பாயம்மா, ஒரு வாரம் வுட்டுப்போச்சு போல. பைண்டு பண்ணவர் தொலைச்சிட்டாரா?"

பாயம்மா கீரையைப் பார்த்துக்கொண்டே, "அது நான் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

அந்த அத்தியாயத்தில், புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று கேள்விப்பட்ட சைக்கிள் கடைக்காரர் குடித்துவிட்டு வந்து அவள் வாசலில் கத்துவார்.

"அவரு குடிக்கமாட்டாரு அக்கா. அது நீங்க தப்பா எழுதிட்டீங்க. அந்த வாரம் உங்களுக்கு ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாயம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. அது கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம். லாட்ஜுகளிலிருந்தும் ஆபீசுகளிலிருந்தும் மூடி மேல் மூடியாக விழுந்துகொண்டிருந்தது. டபுள் டியூட்டி. என்ன எழுதுவது என்று தெரியாமல், யாராவது குடித்துவிட்டு வந்தால் நாலு பக்கம் ஓடும் என்று எழுதி அனுப்பினேன். அது பாயம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

"ஆனா பாயம்மா, இருபதாவதுல அவரு வந்து 'என்னை மன்னிச்சிடுங்க'ன்னு கையெடுத்துக் கும்பிடறாரே. பத்தொன்பது இல்லேன்னா எதுக்கு மன்னிப்பு கேக்கறாரு?"

"செய்யாத தப்புக்கே மன்னிப்பு கேக்கற மனுஷன் அவரு" என்றார் பாயம்மா.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டு இருபதாம் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். அவர் சொன்னது சரி. பத்தொன்பது இல்லாமல் அந்த மன்னிப்பு நூறு மடங்கு நன்றாக இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

"நீங்க மட்டும் மாத்தலாம், நான் மாத்தக்கூடாதா?"

"நான் எடுத்தேன். நீங்க சேக்கப் பாக்கறீங்க. ரெண்டும் ஒண்ணா?"

அந்த வாரமே பாயம்மா எனக்கு எதிராக ஊரைத் திரட்ட ஆரம்பித்தார். அதையும் என் கையாலேயே செய்ய வைத்தார். மூடி விழும். "அக்கா, ரைஸ் மில் வீட்டக் குடுங்க" என்பார். கொடுப்பேன். "டாக்டரம்மா வீட்டக் குடுங்க." கொடுப்பேன். இரண்டு பேர் பேசுவதை ஆபரேட்டர் கேட்கக் கூடாது என்பது சட்டம். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி கேட்கலாம். அந்த ஒரு நொடியில் ரைஸ் மில் வீட்டம்மா, "கதவத் தொறக்கமாட்டாளாமா? அப்ப அவளுக்கு அந்த சைக்கிள் கடைக்காரரக் கட்டி வைக்கப்போறாங்க, பாருங்க" என்று சொன்னது காதில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்து நிஜமான சைக்கிள் கடைக்காரர் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கடையில் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"அம்மா, என்னைக் கல்யாணம் பண்ணிவைக்கப் போறீங்களாமே?"

"உங்கள இல்லைங்க. கதையில வர்றவர."

"எங்க வீட்டம்மாவுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. இந்த ஏழு வருஷமா என்னை ஒரு வார்த்த கடுசா பேசினதில்ல. எதனா கோவம் வந்தாகூட, 'அவ்ளோ நல்ல மனுஷன எழுதியிருக்காங்க, உன்னைப் பாத்துத்தானே எழுதியிருப்பாங்க'ன்னு அவளே அடங்கிடறா. இப்ப அந்த ஆளு அந்தப் பொண்ணயே கட்டிக்கினான்னா, எனக்கு வீட்ல சோறு கெடைக்காது."

அப்படி ஒரு எண்ணமே இல்லை, அவர் கடைசிவரை தனியாகத்தான் இருப்பார் என்று சத்தியம் செய்தேன். நிம்மதியாக மூச்சு விட்டார். போகத் திரும்பியவர் நின்றார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டீங்களே? பத்திரிகைல வந்தப்பவே பசங்கள விட்டுப் படிக்கச்சொல்லி முழுசாக் கேட்டேன். கடைசில பெல்லு மாட்டித்தர்றான் பாருங்க, அது தப்பு. அந்தம்மா பள்ளத்துல எறங்கி வர்றாங்கன்னு முன்னாடியே எழுதியிருக்கீங்க. அக்கறை இருக்கறவன் பெல்லா மாட்டுவான்? பிரேக்கு கட்டை மாத்துவான்."

அது எனக்கு உடனே பிடித்துவிட்டது. குறித்துக்கொண்டேன்.

காப்பி எடுத்து முடித்த நாள், எழுதி வைத்திருந்த புது முடிவைப் பாயம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். புருஷன் வந்து தட்டுகிறான். அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "யாரு?" என்கிறாள். "நான்தான்" என்கிறான். "சௌக்கியமா?" என்று கேட்கிறாள். "சௌக்கியம்." அவள் பின்கட்டு வழியாக வெளியே வருகிறாள். சுவரோரம் பிரேக் கட்டை மாற்றிய சைக்கிள் நிற்கிறது. ஆறு மணி கிளாசுக்குப் போய்விடுகிறாள்.

பாயம்மா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் அந்த "சௌக்கியமா" இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நல்லாருக்குது அக்கா. இதுவும் நல்ல பொண்ணுதான். ஆனா இது வேற பொண்ணு."

"ஒரே பொண்ணுதான் பாயம்மா. இப்பத்தான் எனக்கு அவளப் புரியுது."

"இல்ல. அந்தப் பொண்ண எனக்குத் தெரியும். அவ ஏன் கதவத் தொறந்தான்னும் தெரியும்."

"ஏன்? மன்னிச்சிட்டா. அதானே நான் எழுதினது?"

பாயம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். "மன்னிச்சிட்டான்னு எங்க எழுதியிருக்கீங்க? கதவத் தொறந்தான்னுதான் எழுதியிருக்கு. ஏழு வருஷம் அக்கா! அவன வாங்கு வாங்குன்னு வாங்க வேணாமா? மூடின கதவுக்கு அந்தாண்ட நிக்கறவன எப்பிடித் திட்டறது? அதுக்குத்தான் தொறந்தா. நான் ஒவ்வொரு தரமும் 'முற்றும்' படிச்சிட்டு, அவ என்னென்னா கேட்டிருப்பான்னு நெனச்சிக்கினு ஒரு மணி நேரம் உக்காந்திருப்பேன்."

நான் என் கைப்பிரதியையும் பச்சைப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் நிஜமாகவே மன்னிப்பு என்ற வார்த்தை இல்லை. நான் அழுதுகொண்டே எழுதியதால் அது இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கைப்பிரதியை அனுப்பாமல் வைத்திருந்தேன். கணவர், "அடிச்சித் திருத்தியாச்சா?" என்று கேட்டார். எது தப்பு என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது என்றேன். கணக்கில் அப்படி வராது என்றார். கடைசியில் பாயம்மாவே போன் செய்தார்.

"அனுப்பிடுங்க அக்கா. அந்தப் புதுப் பொண்ணுக்கும் யாராச்சும் வருவாங்க. என்னுது என்கிட்ட இருக்குதே."

புது முடிவோடு புத்தகம் வந்தது. பத்தொன்பதாம் அத்தியாயம் இல்லை. பெல் இல்லை, பிரேக் இருந்தது. பதினாறு கடிதம் வந்தது. பதிமூன்று பேர் திட்டியிருந்தார்கள். கதவைத் திறக்காதது திமிர் என்று ஒருவர், பத்திரிகையில் படித்த எங்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஒருவர். சைக்கிள் கடைக்காரர் மட்டும் தம் மனைவிக்குத் திருப்தி என்று சொல்லி, அன்றைக்கு என் வண்டியைப் பூராவும் கழற்றி ஓவராயில் செய்துகொடுத்தார். பாயம்மாவுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்துக்கு நேராகப் புகழ்ந்தார். படித்தாரா என்று நான் கேட்கவில்லை.

எண்பதுகளின் முடிவில் நாங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டிப் போனோம். பக்கத்து வீட்டில் ஒரு பாங்கில் வேலை பார்க்கும் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். நூலகத்தில் என் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு, எழுதியது நான்தான் என்று தெரிந்து ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, அந்தக் கதவத் தொறக்காம 'சௌக்கியமா'ன்னு கேக்கறா பாருங்க, அதான் சூப்பர். அந்த எடத்துல தொறந்திருந்தா புத்தகத்தத் தூக்கிப் போட்டிருப்பேன்."

நான் நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். என் வாய் இருக்கவில்லை.

"முதல்ல பத்திரிகைல வந்தப்ப அவ தொறந்தா, தெரியுமா?"

"ஐயய்யே! ஏன்?"

காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அரை மணி நேரம் அந்தப் பழைய பெண்ணுக்காக வாதாடினேன். அவள் ஒன்றும் ஏமாளி இல்லை, கதவைத் திறப்பதற்கும் வீட்டுக்குள் விடுவதற்கும் வித்தியாசம் உண்டு, ஏழு வருஷம் பேசாமல் இருந்தவளுக்குப் பேச ஒரு ஆள் எதிரில் நிற்க வேண்டாமா என்று கை நீட்டிப் பேசினேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து, என் கணவர் போய் அணைத்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ஆன்ட்டி, ரெண்டாவது பதிப்பு எதனா வரப்போவுதா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"வந்தா மாத்திடாதீங்க" என்றாள். கெஞ்சுகிறாளா மிரட்டுகிறாளா என்று தெரியவில்லை.

மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, பருப்பை வேறு பாத்திரத்தில் ஊற்றினேன்.